சூரியனைக் கேட்க விடுக

1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராடார்கள் இரைச்சலால் திணறின. சத்துருவின் சதியென்றே ராணுவத்தார் ஐயுற்றனர். ஹே என்னும் விஞ்ஞானி விசாரித்து, சூரியனே காரணமென்று கண்டார்.

அத்தகைய ரேடியோ அலைகளாலேயே சூரியனைப் படம்பிடிக்க, 1997-ல் கர்நாடகத்துக் கௌரிபிதனூரில் நம் விஞ்ஞானிகள் எளிய ஆன்டெனாக்களை வரிசையாக நாட்டினர். தனித்தால் அற்பம், கூடினாலோ பெருந்தொலைநோக்கி. 40 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் சூரியனைச் சூழ்ந்த கொரோனாவிலிருந்து வருபவை. பூமியைத் தாக்கும் புயல்களும் அவ்வழியே கிளம்புகின்றன. 1989 மார்ச்சில் அத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை 9 மணி நேரம் இருளில் ஆழ்த்தியது.

எஃப்.எம். வானொலியோ அதே எல்லைக்குள், 88 முதல் 108 வரை ஒலிக்கிறது. அன்று சூரியன் நம் கருவியைக் குழப்பிற்று. இன்று நாம் சூரியனைக் கேட்கவொட்டாமல் கூச்சலிடுகிறோம். ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி அமைதி காப்பது சர்க்காரின் கடமையென வற்புறுத்துகிறோம்.