கயோட்டியை முற்றத்துக்கு அழைப்பது யார்?

ஸ்காபரோவின் மின்கம்பிப் பாதையோரமாக அதிகாலையில் உலாவச் செல்வோருக்கு அந்த உருவம் இப்போது புதியதன்று. சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல், கூர்ந்த முகம், தாழத் தொங்கும் அடர்ந்த வால். ஒரு கணம் நின்று எம்மைப் பார்க்கும். பின்னர் புல்லினுள் மறைந்துவிடும். எம்மவருட் சிலர் அதனை நரி என்பர். சிலர் ஓநாய் என்று அஞ்சுவர். எவரோ வளர்க்கும் நாயென எண்ணி அருகில் அழைத்தோரும் உளர். அதன் பெயர் கயோட்டி.

நாம் இந்நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். அதுவும் ஒருவகையில் அப்படியே. வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளே அதன் பழைய வாழிடம். காடுகள் அழிக்கப்பட்டு, ஓநாய்கள் கொன்றொழிக்கப்பட்டபோது அது கிழக்கு நோக்கிப் பரவிற்று. ஒன்ராறியோவில் அது கால்பதித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. வழியில் ஓநாயோடும் கலந்தமையால் இங்குள்ள கயோட்டி மேற்கில் உள்ளதைவிடச் சற்றுப் பெரியது. எனினும் அதன் எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரையே. குளிர்காலத்து அடர்ந்த உரோமமே அதனைப் பெரும் விலங்காகக் காட்டுகின்றது. டொன், றூஜ் பள்ளத்தாக்குகளும் ஹைலண்ட் கிறீக் ஓடைக்கரையும் அதற்கு வீதிகளாக உள்ளன. எலி, முயல், வாத்து முட்டை, உதிர்ந்த பழம் என எதையும் உண்டு அது நகரத்தின் நடுவிலும் வாழக் கற்றுக்கொண்டுவிட்டது.

இவ்விலங்கு எமது பிள்ளைகளைக் கடித்துவிடுமா என்பதே பெற்றோர் பலரின் அச்சம். மிகையான அச்சமும் வேண்டாம்; அசட்டையும் வேண்டாம். கயோட்டியின் தாக்குதலால் மனிதர் உயிரிழந்ததாக வட அமெரிக்காவில் உறுதியாகப் பதிவானவை இரண்டு நிகழ்வுகளே. 1981 இல் கலிபோர்னியாவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும், 2009 ஒக்ரோபரில் நோவா ஸ்கோசியாவின் கேப் பிரெற்றன் தேசியப் பூங்காவில் தனியே நடந்து சென்ற ரொறன்ரோவைச் சேர்ந்த 19 வயதுப் பாடகி ஒருவரும் இவ்வாறு மாண்டனர். மனிதரைக் கண்டால் விலகிப்போவதே கயோட்டியின் இயல்பு. அவ்வியல்பு மாறுவது எப்போது என்பதையே நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வன்கூவர் நகரின் ஸ்ரான்லி பூங்காவில் 2020 இன் இறுதியிலிருந்து 2021 செப்ரெம்பர் வரை நாற்பதுக்கும் மேற்பட்டோர் கயோட்டிகளால் தாக்கப்பட்டனர். ஒன்ராறியோவின் பேர்லிங்ரன் நகரில் 2022 கோடை முடிவில் சில வாரங்களுள் பலர் தாக்கப்பட்டனர். இரண்டு இடங்களிலும் அதிகாரிகள் சுட்டிக்காட்டிய காரணம் ஒன்றே: மனிதர் அவற்றுக்கு உணவளித்திருந்தனர். மனிதனின் கையிலிருந்து ஒருமுறை உண்ட விலங்கு, அடுத்த முறை அக்கையைத் தேடி வருகின்றது. உணவு கிடைக்காதபோது கடிக்கின்றது. இறுதியில் இரு நகரங்களிலும் கயோட்டிகளே கொல்லப்பட்டன. இரங்கி உணவிட்டோரே அவற்றின் சாவுக்கு வழிவகுத்தனர்.

இங்கே எமது சமூகத்தவருடன் மனந்திறந்து பேசவேண்டிய ஒரு விடயம் உண்டு. சனிக்கிழமைகளில், சிறப்பாகப் புரட்டாதிச் சனியில், காகத்துக்குச் சோறு வைக்காமல் தாம் உண்ணாத முதியோர் எம் வீடுகளில் இருக்கின்றனர். ஊரில் வேலியோரம் வைத்த சோறு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இங்கே பின்வளவிற் கொட்டிய சோறு அப்படியே கிடக்கின்றது. பகலில் அணில், இரவில் எலியும் ரக்கூனும். எலியைத் தேடிக் கயோட்டி. காகத்துக்கென வைத்த படையல் வேறொரு விருந்தாளியைக் கூட்டிவந்து பேரப்பிள்ளை விளையாடும் முற்றத்தில் நிறுத்திவிடுகின்றது.

இது பாவமுமன்று, பழிக்கத்தக்கதுமன்று. ஊரின் வழக்கம் இந்த மண்ணிற் பொருந்தவில்லை, அவ்வளவே. ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல், சொந்த வளவிலேயாயினும் காட்டு விலங்குகளுக்கு உணவிடுதல் நகரச் சட்டத்தால் தடுக்கப்பட்டுமுள்ளது. படையலை வீட்டினுள்ளே சுவாமி படத்தின் முன் வைத்து வணங்கலாம். அன்று ஒருவருக்கேனும் அன்னமிடலாம். வீட்டிலுள்ள அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் இதனைக் கடிந்துரையாது, காரணத்தோடு எடுத்துச் சொல்லுதல் இளையோர் கடமை.

படையல் மட்டுமன்று. குப்பையையும் உணவுக்கழிவிடும் பச்சைத் தொட்டியையும் முதல்நாள் இரவே வெளியே வையாது, எடுத்துச்செல்லும் நாட் காலையில் வையுங்கள். மரத்தினின்று உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். இறைச்சி வாட்டிய அடுப்பின் கொழுப்பைத் துடைத்துவிடுங்கள். நாய், பூனைகளின் உணவுத் தட்டை வெளியே விடாதீர்கள். வேலி அமைப்போர் இரண்டு மீற்றர் உயரத்துக்குக் குறையாமல் அமைத்து, அடிப்பாகத்தை 20 சென்ரிமீற்றராவது மண்ணுட் புதைத்தல் நன்று. கயோட்டி பாயவும் வல்லது, தோண்டவும் வல்லது.

செல்லப்பிராணிகளே பெரிதும் இடருக்குள்ளாகின்றன. ஊரில் நாய் வளவைக் காக்கும். பூனை தன் விருப்பப்படி திரியும். இங்கே வெளியில் திரியும் பூனையும் சிறுநாயும் கயோட்டிக்கு முயலைப் போன்ற இரையே. பூனையை வீட்டினுள்ளே வளருங்கள். நாயைப் பின்வளவில் இரவிற் தனியே விடாதீர்கள். வெளியே கூட்டிச் செல்லும்போது இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றிற் பிடியுங்கள். இதுவும் நகரச் சட்டமே. தானே நீண்டு சுருங்கும் கயிறு நாயைக் கைக்கெட்டாத் தொலைவுக்குச் செல்லவிடும், அது வேண்டாம்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை கயோட்டிகள் இணைசேரும் காலம். சித்திரை, வைகாசியிற் குட்டிகள் பிறக்கும். அதன்பின் கோடை முழுவதும் தாயும் தந்தையும் குட்டிகளைக் காக்கும். இக்காலத்தில் நாயைக் கண்டால் அவை பின்தொடர்ந்து வருவதுண்டு. குட்டிகள் உள்ள இடத்தைவிட்டு நாயை அப்புறப்படுத்துவதே பெரும்பாலும் அதன் நோக்கம். வேறு பாதையால் திரும்பிவிடுதல் அறிவுடைமை.

நேருக்கு நேர் எதிர்ப்பட்டால் என் செய்வது? பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது இது: ஓடக்கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. சிறு பிள்ளையையும் சிறு நாயையும் உடனே தூக்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரத்த குரலிற் சத்தமிடுங்கள். குடையைச் சட்டென விரியுங்கள், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். முதுகைக் காட்டாது, அதனைப் பார்த்தவாறே மெல்லப் பின்வாங்குங்கள். குளிர்காலத்தில் பாடசாலை விட்டுச் சிறிது நேரத்தில் இருள் கவிந்துவிடுகின்றது. அவ்வேளையிற் சிறுவர் தனித்தன்றிக் கூட்டாக நடந்துவருதல் நன்று.

கடிபட்டாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியரை நாடுங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் தப்புதல் அரிதினும் அரிது. உரிய காலத்தில் ஏற்றும் தடுப்பூசியோ உயிரைக் காக்கும். மூன்று மாதம் கடந்த நாய், பூனைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்தலும் ஒன்ராறியோச் சட்டம்.

கயோட்டி மனிதரை நெருங்கி வந்தாலோ, நோயுற்றுக் காணப்பட்டாலோ ரொறன்ரோவில் 311 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஆங்கிலம் தெரியவில்லையே எனத் தயங்காதீர்கள். தமிழில் உரையாட வேண்டுமெனக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 911.

எல்லாவற்றையும் பிடித்துத் தொலைவில் விட்டாலென்ன, சுட்டாலென்ன எனச் சிலர் கேட்கின்றனர். பிடித்த விலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடுவதை மாகாணச் சட்டம் அனுமதிப்பதில்லை. கொன்றால், வெறுமையான அவ்விடத்துக்கு வேறொன்று வந்து சேரும். ரொறன்ரோவின் லிபேட்டி விலேஜ் பகுதியில் நாய்கள் தொடர்ந்து தாக்கப்பட்டதையடுத்து, 2025 மார்ச்சில் இரண்டு கயோட்டிகள் கொல்லப்பட்டன. ஆயினும் முற்றத்தில் உணவு கிடக்கும் வரை வருகை ஓயாது.

நாளை காலை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது ஒருமுறை எமது பின்வளவைச் சுற்றிப் பார்ப்போம். அழைப்பை நாம் நிறுத்திவிட்டால், அழையா விருந்தாளி தன் பள்ளத்தாக்குக்கே திரும்பிவிடும். எமது பிள்ளைகளும் பிழைப்பர். அதன் குட்டிகளும் பிழைக்கும்.