மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு பதினைந்து நாள்!

'ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?' என்ற கேள்வி எழாத தமிழ்க் குடும்பம் உண்டா? தீபாவளிப் புடவையில் பார்டர் ஓர் இஞ்ச் குறைந்தால் போதும், நம் வீடுகளில் அந்தக் காரியம் இலவசமாகவே நடந்துவிடும். அதையே லட்சக்கணக்கில் பணம் கட்டி, டாக்டர் கையால் செய்துகொண்டால் அதற்குப் பெயர் ஃபேஸ்லிஃப்ட்!

விளம்பரங்களில் இரண்டு போட்டோ போடுவார்கள். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கோட்டுக்குள்தான் சார் சமாசாரமே இருக்கிறது. தலையைச் சுற்றிக் கட்டு, தர்பூசணி மாதிரி கன்னம், உப்புக் குறைத்த கஞ்சி, பக்கத்தில் தூக்கம் கெட்டு ஓர் ஆள். போன வருஷம் என் சித்திக்கு அந்த ஆளாக இருந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சித்திக்கு 59 வயது. பாங்க் உத்தியோகத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவள். நாலு வருஷம் படுத்த படுக்கையாக இருந்த சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஒருநாள் சொன்னாள்:

"பார்க்கறவங்க எல்லாம் 'ஏன் சோகமா இருக்கீங்க'ன்னு கேக்கறாங்கடா. நான் சோகமாவே இல்லை. மூஞ்சிதான் அப்படி இருக்கு. எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது?"

பி.காம் படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. தேய்மானம்! மெஷினுக்கும் மேஜை நாற்காலிக்கும் வருஷா வருஷம் எழுதுகிறோம். முகம் மட்டும் அதே புத்தக மதிப்பில் நிற்குமா என்ன? அவள் முகம், அவள் பணம். ஆடிட் பண்ண நான் யார்?

(கணக்கு என்றதும் ஒன்று. அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் தராது. விபத்து, தீக்காயம், கான்சர் என்று வந்து முகத்தைச் சீர்செய்தால் அது வேறு. மற்ற வைத்தியத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடையாது. முழுக்க முழுக்க கைக்காசு!)

சித்தி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. யாருக்கும் தெரியக்கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பையனுக்குக்கூட. காலையில் ஆபரேஷன், சாயங்காலம் தனியாக டாக்ஸி பிடித்து வீடு, கதவைச் சாத்தினால் பதினைந்து நாள் திறப்பதில்லை என்பது அவள் திட்டம். "கூட ஆள் இல்லைன்னா அனுப்ப மாட்டேன்" என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் எனக்கே போன் வந்தது. எதிர் ஃப்ளாட் மாமிக்குச் சொல்ல ஒரு கதையும் தயார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறது!

இந்த ரகசியம் இன்று நேற்று வந்ததல்ல. 1901-ல் பெர்லினில் ஹாலண்டர் என்ற டாக்டர் ஒரு போலந்துப் பிரபு வீட்டுப் பெண்மணிக்கு இதைச் செய்தார். அதை அவர் வெளியே எழுதியது 1932-ல்! பாரிஸில் சூசான் நோயல் என்ற பெண் டாக்டர், வயதாகிவிட்டது என்று வேலை போய்விடுமோ என பயந்த பெண்களுக்கெல்லாம் செய்தார். 1926-ல் புத்தகமே எழுதினார். மரத்துப்போக ஊசி போட்டு ஆபரேஷன், முடிந்ததும் நடந்தே வீட்டுக்கு! அப்போது முடியோரத்தில் கொஞ்சம் தோலை வெட்டித் தைப்பதோடு சரி. ஒருத்தருக்கும் தெரியாது, ரொம்ப நாள் நிற்கவும் நிற்காது. தோலுக்கு அடியில் ஒரு படலம் இருக்கிறது. அதை 1976-ல் இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் விவரித்து எழுதினார்கள். இன்றைக்குத் தோலைக் கன்னம், கழுத்துவரை பிரித்து அந்தப் படலத்தையே இழுத்துத் தைக்கிறார்கள். பலன் பல வருஷம் நிற்கிறது. அதற்கேற்ப வீட்டில் படுக்கிற நாளும் கூடிவிட்டது.

முதல் ராத்திரி. தாத்தா காலத்து சாய்வு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கியிருந்தேன். தலை உயரமாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் புரளக்கூடாது. இந்த இரண்டுக்கும் அதைவிட நல்ல ஃபர்னிச்சர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதினோரு மணிக்கு சித்தி, "வலது பக்கம் இறுக்கற மாதிரி இருக்குடா" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் இடது கன்னம் இட்லி, வலது கன்னம் குஷ்பு இட்லி.

"விடுடா, காலையில பார்த்துக்கலாம். இந்நேரத்துக்கு யாரைத் தொந்தரவு பண்றது?"

டாக்டருக்கு போன் போட்டேன். கேட்டது இரண்டே கேள்விதான். "ஒரு பக்கம் மட்டுமா? வலி கூடிக்கிட்டே போகுதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றதும், "உடனே கிளம்பி வாங்க" என்றார். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. தையலைப் பிரித்து வெளியே எடுத்தார்கள். விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். இந்த ஆபரேஷனில் அதிகமாக வருகிற சிக்கல் இதுதானாம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். அப்படியே விட்டால் மேலே இருக்கிற தோலுக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்து அழுகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், ஆண்களுக்கும் வாய்ப்பு அதிகம். 'ஆபரேஷன் அன்னிக்கு எதுக்கு' என்று சித்தி பி.பி. மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டாக்டர் என்னையும் சேர்த்துத் திட்டினார்.

கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்திருந்தால்? டாக்ஸித் திட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம். கண்ணாடியை நான் ஒளித்து வைத்திருந்தேன். சித்தி எவர்சில்வர் தட்டில் பார்த்துவிட்டாள்! "காசையும் கொடுத்து மூஞ்சியையும் கெடுத்துக்கிட்டேனேடா" என்று ஒரே அழுகை. இப்படி அழாதவர்கள் குறைவு என்று நர்ஸம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். வீங்கிய முகம், அரைகுறைத் தூக்கம், பேச ஆள் இல்லாத வீடு. யாருக்குத்தான் அழுகை வராது? சித்தப்பா போனபோதுகூட அழாதவள் அன்றைக்கு அதையும் சேர்த்தே அழுது தீர்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். அப்பளம், ஊறுகாய் கிடையாது, உப்பு வீக்கத்தைக் கூட்டும். முறுக்கும் கிடையாது. இந்தப் பத்திரிகையின் ஜோக்ஸ் பக்கத்தையும் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாய்விட்டுச் சிரித்தால் தையல் இழுக்குமே!

எண்ணெய்க் குளியல், குனிந்து கோலம், குக்கர் தூக்குவது எல்லாவற்றுக்கும் தடா. தலை வழியாகப் போடும் உடுப்பும் ஆகாது. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிதான். தெரிந்த மாமா யாராவது "வலிக்கு ஒரு ஆஸ்பிரின் போடேன்" என்பார். டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது, ரத்தம் உறையாது. சிகரெட் பிடிக்கிற ஆண்கள் முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரமாவது விட்டாக வேண்டும். அவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாடி வளர்கிற தோல் மேலே நகர்வதால், அப்புறம் காதுக்குப் பக்கத்திலும் பின்னாலும் ஷேவ் பண்ண வேண்டி வரும்!

ஒரு வாரத்தில் காதோரத் தையல் பிரித்தார்கள். நீலமாக இருந்த கன்றல் பச்சையாகி, மஞ்சளாகி, கழுத்துப் பக்கம் இறங்கி மறைய இரண்டு வாரம் ஆயிற்று. காதும் கன்னமும் மரத்திருப்பதுதான் மாசக்கணக்கில். கொசு கடித்தாலே தெரியாது. அதனால் ஐஸ் பையைத் துணி சுற்றாமல் வைப்பதும், தலைமுடிக்குச் சூடான டிரையர் காட்டுவதும் ஆபத்து. சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். ஜிமிக்கிக்கும் லீவு விட்டாயிற்று.

இரண்டு மாசம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனாள். "நல்லாத் தூங்கறே போலிருக்கே", "இளைச்சுட்டியா?" என்று கேட்டார்களே தவிர, ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. சோகமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லையாம்! வீடியோ காலில் பார்த்த பையன், "அம்மா, புது போன் வாங்கினியா? படம் பளிச்சுன்னு இருக்கே" என்றான்.

எதிர் ஃப்ளாட் மாமி மட்டும் பத்து நிமிஷம் சித்தியை உற்று உற்றுப் பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்தப் பல் டாக்டர் அட்ரஸ் கொடேன்!"