பெயர் இருப்பது கண்ணாடித் தகட்டில்

ஜூலை முதல் தேதி நெருங்குகிறது. 1916-ஆம் ஆண்டு அதே தேதியில் கல்கத்தாவில் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், முந்தைய வருஷத்தில் நம் நாட்டில் புதிதாக அறியப்பட்ட ஜந்துக்களின் ஜாபிதாவை அந்தத் தினத்தையொட்டி வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருப்பதால், அதற்கு முன்பாகவே வாசகர் கடிதங்கள் வந்து குவியத் தொடங்கிவிட்டன. இத்தனை நூறு பிராணிகளும் இதுவரை எங்கே ஒளிந்திருந்தன என்று ஒருவர் கேட்கிறார். குளத்து நீரில் செக்கச்செவேலென்று ஓடுகிற பூச்சிக்குத் தாமே ஒரு பெயரிட்டால் அது செல்லுமா என்று இன்னொருவர் கேட்கிறார்.

முதற் கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். 2023-ஆம் வருஷத்துக்கு நிறுவனம் அறிவித்த தொகை 641. அதில் விஞ்ஞானத்துக்கே புதியவை 442 மட்டுமே, மற்ற 199 வேறு தேசங்களில் முன்பே பெயர் பெற்று, இங்கும் இருப்பதாக இப்போதுதான் தெரியவந்தவை. இரண்டையும் கூட்டிய பெரிய எண்ணே தலைப்புகளில் முன்னே நிற்கிறது. அந்த 442-கூட, கண்டிப்பாகச் சொன்னால், 442 கருதுகோள்கள். நாளை வேறொரு நிபுணர் இவற்றுள் ஒன்று பழைய பெயருடைய இனமே என்று நிரூபித்தால் அது கழிந்துபோகும். கழிந்தவற்றின் ஜாபிதாவை விழா வைத்து வெளியிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது கேள்விதான் ருசிகரமானது. அந்த வாசகர் பார்த்த பூச்சி பெரும்பாலும் நன்னீர்ச் சிலந்திப்பேனாக இருக்கலாம். மழைக்காலத்தில் புன்செய் நிலத்தில் பட்டுப்போல் ஊர்ந்து செல்லும் தம்பலப்பூச்சிக்கு அது நெருங்கிய உறவு. உடல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை. இளம்பருவத்தில் ஆறு கால்களோடு கொசு, தட்டான் முதலிய பூச்சிகளின் மேல் ஒட்டுண்ணியாகத் தொற்றித் திரிந்து, பிற்பாடு எட்டுக் கால்களோடு நீரில் வேட்டையாடிப் பிழைக்கும். உலகில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. இலங்கையின் நன்னீர் நுண்விலங்குகளை ஹங்கேரியரான டாடாய் 1898-இலும், இந்தியாவின் நீர்ச் சிலந்திப்பேன்களை அமெரிக்கரான டேவிட் குக் 1967-இலும் தனி நூல்களாக விவரித்தார்கள். ஆகவே, புதிது என்று அறிவிக்க விரும்புகிறவர் முதலில் இத்தகைய பழைய நூல்களைப் படித்தாக வேண்டும். இனம், பேரினம் என்ற பாகுபாடும் லின்னேயஸின் இரட்டைப் பெயர் முறையும் வாசகர் அறிந்தவையே. அவற்றை விட்டு, என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

ஓடை மணலையும் பாசியையும் வலையில் அலசி, வெள்ளைத் தட்டில் கொட்டி, ஓடுகிறவற்றைக் குழாயால் உறிஞ்சியெடுக்கும் ஆய்வாளர், அவற்றைப் பெரும்பாலும் சாராயத்தில் போடுவதில்லை. சாராயம் உடலை விறைக்கச் செய்துவிடும் என்பதால், கிளிசரினும் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும் கலந்த கோனிக்கே திரவத்தில் இடுகிறார். பின்னர் உடலைத் துளைத்து உள்ளிருப்பதைக் கரைத்து வெளியேற்றி, ஐந்து கணுக்களுள்ள வாய்ப்புறப் புலனுறுப்பையும் கால்களையும் தனித்தனியே பிரித்து, கிளிசரின் கூழில் பதித்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு கணுவையும் மயிரையும் தோற்சுரப்பியின் ஸ்தானத்தையும் அளந்து படம் வரைகிறார். இவ்வாறு பிரிக்கப்பட்டவற்றுள் ஒன்றே ஒன்றை ஹோலோடைப், அதாவது மூலமாதிரி, என்று அவர் நியமிக்கும் அந்தக் கணத்தில்தான் பெயருக்கு ஆதாரம் பிறக்கிறது.

இதில் விசேஷம் என்னவென்றால், பெயர் ஒட்டியிருப்பது அவர் எழுதிய விவரணத்தோடு அல்ல, அந்தக் கண்ணாடித் தகட்டோடுதான். எழுத்தில் பிழை நேரலாம், சித்திரம் கோணலாகலாம், ஆசிரியர் இரண்டு இனங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து வருகிறவர் தகட்டைப் பார்த்து, பெயர் இதற்கே உரியது என்று தீர்த்துவிடலாம். சொத்து வழக்கில் மூலப்பத்திரம் செய்கிற காரியத்தை இங்கே துண்டுதுண்டான ஒரு பிராணி செய்கிறது. வார்த்தையை நம்பாமல் பொருளை நம்பும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் சாமர்த்தியசாலிகள்தாம்.

ஆனால் மனத்தை உறுத்தும் பக்கமும் உண்டு. அர்ரெனூரஸ் என்ற நீர்ச் சிலந்திப்பேன் பேரினத்தில் ஆணின் பின்புறம் விநோத வடிவங்களில் நீண்டிருக்க, பெண்கள் உருண்டையாய் ஒன்றுபோலவே இருப்பதால், ஆணையே மூலமாதிரியாக்கினால் எந்தப் பெண் அதற்கு இணை என்பது ஊகமாகவே நின்றுவிடக்கூடும். இதைவிடப் பெரிய குறை, 2000-ஆம் ஆண்டு முதல் அமலிலுள்ள சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு எதைக் கேட்கவில்லை என்பது. லத்தீன் எழுத்தில் பெயர், வேறுபாட்டைச் சொற்களில் கூறும் இலக்கணம், மூலமாதிரியின் வெளிப்படையான நியமனம், அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்ற அறிவிப்பு, முறையான பிரசுரம் ஆகியவற்றைக் கேட்கிற அது, சக நிபுணர்கள் படித்துப் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மின்வடிவில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்து, பதிந்ததற்கான சான்றைப் பிரசுரத்திலேயே காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2012 முதல் உண்டு; அதை மறந்தவரின் பெயர், மாதிரி எவ்வளவு குற்றமற்றதாயிருந்தாலும், செல்லாது. ஆக, அலசாத அறிவு செல்லும். பதிவெண் எழுதாத பெயர் செல்லாது.

நம் நாட்டில் இன்னொரு கட்டாயம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிய இனத்தைக் கண்டவர் யாராயினும் நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அந்தப் பொறுப்பைப் பிரதானமாக வகிப்பது முன்சொன்ன கல்கத்தா நிறுவனம். காப்பவரும் எண்ணுபவரும், பல வேளைகளில் கண்டுபிடிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதை ஜூலையில் எண்ணைப் படிக்கும்போது வாசகர் நினைவில் கொள்வது நல்லது.

எஞ்சிய கடிதங்களுக்குச் சுருக்கமாக:

விவரணத்தைத் தமிழில் எழுதலாமா? தாராளமாக, பெயர் மட்டும் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும்.

டி.என்.ஏ. இருந்தால் போதாதா? அதன் வேறுபாட்டையும் இலக்கணமாகக் கூறலாம். மூலமாதிரியைத் தவிர்க்க முடியாது.

என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா? விதி தடுக்கவில்லை, சபை சிரிக்கும்.

பொருந்தாத பெயரை மாற்றலாமா? பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக முடியாது.

நீர்ச் சிலந்திப்பேனை மீன் தின்னுமா? சிவந்த வகைகளை வாயிலிட்டுத் துப்பிவிடுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.