உபத்திரவத்தில் நிலைத்த சபை

பஹாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வர்த்தகர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, சரிவுகளில் செடி ஊன்றியும் கொழுந்து கிள்ளியும் அந்த மலையை வாழவைத்தவர்களுள் கப்பலேறி வந்த தமிழரும் அவர்தம் சந்ததியாரும் முக்கியமானவர்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பனி சொட்டும் செடிகளுக்கிடையே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடை நிரப்பிய அம்மக்களுள் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினரே. ஆயர் வருவது அரிதாயிருந்த மலாயாத் தோட்டப்புறங்களில், உபதேசியாரோ எழுத்தறிந்த மூத்தவர் ஒருவரோ லயத்து வாசலில் வேதத்தை விரித்து வாசிக்க, வாசிக்கத் தெரியாதோர் செவிவழியாகவே அதை நெஞ்சில் பதித்துக்கொண்டு வளர்த்ததே அவர்களுடைய விசுவாசம்.

விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்றவுடன் இரத்தசாட்சிகளின் மகத்தான மரணமே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆயினும், எவரும் காணாத இடத்தில், அடுத்த ஞாயிறும் கூடி ஜெபிப்போம் என்று சிலர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அன்றாட உறுதியே அத்தகைய பெருஞ்செயல்களுக்கெல்லாம் மூலதனம் என்பது என் திடமான எண்ணம். அந்த உறுதி எத்தனை வலியது என்பதை ஜப்பானிய ஆட்சிக்காலம் இந்நாட்டுத் திருச்சபைக்குக் காட்டிற்று.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதையும் உள்ளடக்கிய ஆங்கிலிக்கன் மண்டலத்தின் அத்தியட்சராயிருந்த லெனர்ட் வில்சன், கிறிஸ்தவராகிய ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரியின் ஆதரவால் ஓராண்டு வரை வெளியே பணியாற்றி, 1943இல் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அவருக்குப்பின் திருப்பணியின் பாரம், தமிழரான டி. டி. செல்லையா முதலிய ஆசியக் குருமார்களின் தோளில் இறங்கிற்று. ஐரோப்பியர் சென்றால் சபையும் சென்றுவிடும் என்று எண்ணியவர்களுக்கு, அது இந்த மண்ணில் வேரூன்றிய சபை என்பதை அந்த இருண்ட ஆண்டுகள் உணர்த்தின.

1943 அக்டோபரில் வில்சனை ஜப்பானிய இராணுவக் காவலர்கள் பிடித்துச் சென்று நாட்கணக்கில் அடித்துச் சித்திரவதை செய்தார்கள். உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டு அவர்கள் நகைத்தபோது, காப்பாற்றத்தான் செய்கிறார், வேதனையை நீக்கியன்று, அதைத் தாங்கும் ஆவியைத் தந்து காப்பாற்றுகிறார் என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். போர் முடிந்தபின் தம்மைத் துன்புறுத்தியவர்களுள் ஒருவருக்கே அவர் தம் கரங்களால் திடப்படுத்தல் அளித்தார்.

எனினும், பெயர் பொறிக்கப்பட்ட ஒருவரின் சோதனையைப் போற்றுகையில், பெயரற்றோரின் சோதனையை மறத்தல் தகாது. ஜப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். வாந்திபேதியும் பட்டினியும் அவர்களை ஆயிரக்கணக்கில் வாரிச்சென்றன. திரும்பிவராத தகப்பன்மாருக்காகக் காத்திருந்த தாய்மார் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்து, கண்ணீரோடு முழந்தாளிட்டதும் நிலைத்திருத்தலேயாகும். அவர்கள் துயரத்துக்குக் காரணம் மனிதரின் கொடுமை. அதைத் தேவசித்தம் என்று சொல்லி மழுப்புவது பாவம். அக்கொடுமையின் நடுவிலும் தேவன் தம்மைக் கைவிடவில்லை என்று அவர்கள் பற்றிக்கொண்டதே விசுவாசம்.

போரில் சிறைப்பட்டு மீண்ட கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார், கேமரன் மலையில் தாம் பள்ளி நடத்திய தானா ராத்தாவிலேயே ஆலயத்துக்கு நிலம் அளித்தார். பட்டாளத்தார் கொடுத்த வளைதகரக் கொட்டகையே அங்கே சகல ஆத்துமாக்களின் ஆலயமாயிற்று. போருக்கென்று வார்த்த தகரத்தின்கீழ் சமாதானத்தின் நற்செய்தி ஒலிக்கலாயிற்று.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல், உபத்திரவத்தினின்று பொறுமையும், பொறுமையினின்று பரீட்சையும், பரீட்சையினின்று நம்பிக்கையும் பிறக்கும் வரிசையைக் காட்டுகிறார். அந்த வரிசை தனியொருவன் ஏறும் படிக்கட்டன்று என்பதையே மலாயாவின் சரித்திரம் நமக்குப் போதிக்கிறது. இன்று இளைஞர் பலர் வேலை தேடி நகரங்களுக்கு இறங்கிவிட்டனர்; தோட்டத்துச் சபைகளில் முதியோரே எஞ்சுகின்றனர். கடனாலும் நோயாலும் தளர்ந்து ஆராதனைக்கு வராமற்போன சகோதரனின் வீட்டை நாம் நாடிச் செல்வோமாக. அவன் ஜெபிக்க இயலாத நாளில் அவனுக்காக ஜெபிக்கவும், உண்ண இல்லாத நாளில் உடன் உண்ணவும் ஆட்கள் இருக்குமளவும், எந்தச் சோதனையும் சபையை வெல்லாது.