பாற்கொழுப்பைப் பற்றிய பயம்

இருதயத்தில் கோளாறு என்று வைத்தியர் சொன்ன மறுநாளே கெட்டித் தயிர் நீர்மோராகவும், பசும்பால் ஆடை நீக்கிய பாலாகவும் மாறிவிடுகிற வீடுகள் நம்மிடையே அநேகம். பூரிதக் கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தும், உயர்ந்த கொலஸ்டிரால் இரத்த நாளங்களை அடைக்கும், பாற்கொழுப்பில் பெரும்பகுதி பூரிதக் கொழுப்பே, ஆகவே பால் ஆபத்தானது என்று, அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸெல் கீஸ் 1958-இல் ஏழு தேசங்களில் தொடங்கிய ஆராய்ச்சியின் செல்வாக்கில் பரவிய வாதமே இதற்கு மூலம். இவ்வாதத்தின் முற்பகுதி பலமானது. இறுதியில் வரும் முடிவோ, பால் அருந்துவோரை நேரில் கவனித்துக் கண்டதன்று, வெறும் அனுமானம்.

அப்படிக் கவனித்தவர்களும் உண்டு. சென்னை உட்பட 21 நாடுகளின் ஊர்களில், 35 முதல் 70 வயது வரையிலான சுமார் 1,36,000 பேரை ஏறக்குறைய 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாஷித் தெஹ்கானும் அவருடைய சகாக்களும் 2018-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்ட முடிவுகளின்படி, தினமும் இரண்டு கிண்ணத்துக்கு மேல் பாலோ தயிரோ அதற்கு ஈடான பால் பண்டமோ உண்டவர்களிடையே, அவற்றைத் தொடாதவர்களைக் காட்டிலும் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2020-இல் வெளிவந்த மற்றொரு பகுதியில், இவர்களுக்குச் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் வருவது சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கொழுப்பு நீக்காத பாலிலும் இந்த அனுகூலம் காணப்பட்டது.

எனினும் அவசரப்படலாகாது. ஏழை நாடுகளில் தினமும் பால் வாங்கக்கூடிய குடும்பம் மற்ற ஆகாரத்திலும் வைத்திய வசதியிலும் மேம்பட்டிருக்கும். ஆராய்ச்சியாளர் எவ்வளவு கணக்கிட்டுக் கழித்தாலும் அந்தச் செல்வத்தின் சாயல் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பால்தான் காத்தது என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. பால் கெடுத்தது என்று சாதிப்பதோ அதனினும் கடினம்.

காரணத்தைத் தேடியவர்கள் கண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் ரசமானதாகப் படுகிறது. பாலிலுள்ள கொழுப்பு சின்னஞ்சிறு துளிகளாக, ஒவ்வொன்றும் பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வு போர்த்தியதாக மிதக்கிறது. மத்தால் கடையும்போது அந்தச் சவ்வு கிழிந்து, உள்ளிருந்த கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள, சவ்வின் பெரும்பகுதி மோரிலேயே தங்கிவிடுகிறது. ஸ்வீடனில் ஒரு சாராருக்குப் பாலேட்டின் மூலமும், மற்றொரு சாராருக்குச் சவ்வு நீங்கிய வெண்ணெய்க் கொழுப்பின் மூலமும், தினம் 40 கிராம் பாற்கொழுப்பை 8 வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது, கெட்ட கொலஸ்டிரால் இரண்டாம் சாராருக்கே உயர்ந்தது. கொழுப்பு ஒன்றேயாயினும் அது வரும் கோலம் வேறானால் உடல் வேறுவிதமாக ஏற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா?

ஆகவே, தயிருக்குக் கிடைத்த நற்சான்றை நெய்க்கும் வெண்ணெய்க்கும் சேர்த்து எழுதிக்கொள்வது தகாது. மேற்சொன்ன 21 நாட்டு ஆராய்ச்சியிலும் வெண்ணெய் உண்டோர் சொற்பமாதலால் அதைப் பற்றித் தீர்மானமாக ஒன்றும் தெரியவரவில்லை. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிச் சுண்டவைத்த பால்கோவாவுக்கும் அந்த நற்சான்றை நீட்டுவது பொருந்தாது.