அப்பரடிகளின் தனிவழி

சோழவளநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை புதிது. கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் நெல்வயலே. நம் சுவாமிமலையும் 60 படிகளைக் கொண்ட கட்டுமலையன்றோ! இச்சமவெளியில் நடந்து பழகிய கால்கள் வெள்ளியங்கிரியிலோ சதுரகிரியிலோ ஏறும்போது, அருகே ஒரு சருகு அசைந்தாலும் நெஞ்சு படபடக்கும். யானையும் சிறுத்தையும் உலவும் காடுகள் அவை. கூட்டத்தோடு செல்பவர்க்கே அச்சம் இத்தகையதெனில், முதுமையில் தன்னந்தனியே கயிலை நோக்கி நடந்த திருநாவுக்கரசு சுவாமிகளின் வழி எத்தகையதாக இருந்திருக்கும்?

காளத்தியை வணங்கியபோது அப்பரடிகளுக்குக் கயிலைக் காட்சியில் வேட்கை பிறந்தது. திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் எனப் பல நாடுகளைக் கடந்து காசியை அடைந்தார். அங்கே அன்பர்களைப் பிரிந்து தனியரானார். அதன்பின் வந்தது மனிதர் நுழையாத கானகம். இரவும் பகலும் நடந்தார். அவ்விருளில் கொடிய விலங்குகள் அவருக்குத் தீங்கு செய்ய அஞ்சி ஒதுங்கின என்றும், நஞ்சுடைய நாகங்கள் தம் படத்து மணிகளால் விளக்கெடுத்தன என்றும் பாடுகிறார் சேக்கிழார் பெருமான். வானவரும் தனியே செல்லத் தயங்கும் வழி என்று அவர் கூறுவதைக் கவனிக்க வேண்டும். அச்சத்திற்குரிய இடம் என்பதை அவர் மறைக்கவில்லை.

பாதங்கள் பரடு வரை தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் மணிக்கட்டு வரை தேய்ந்தபோது மார்பினால் நகர்ந்தார். மார்பும் நைந்தது, உடலைப் புரட்டியே சென்றார். முனிவர் வடிவில் எதிர்வந்த இறைவன், மானிடர்க்கு எளிதன்று, திரும்புக என்றருளியபோதும், அழியும் இவ்வுடலோடு கயிலையைக் காணாமல் மீளேன் என்றார். பிறகே அருள்வாக்கு எழுந்தது. அங்கிருந்த தடாகத்தில் மூழ்கியவர், திருவையாற்றில் ஒரு வாவியிலிருந்து எழுந்தார்.

கரையேறியவர் கண்டவை என்ன? நிற்பனவும் திரிவனவுமாகிய எல்லாம் தத்தம் துணையோடு சிவமும் சக்தியுமாகத் தோன்றின. நான்காம் திருமுறையின் மூன்றாம் பதிகம் அந்தக் காட்சியே. கோழி, குயில், மயில், பன்றி, நாரை, கிளி, ஏறு என்று இணை இணையாக வருகின்றன. முதற்பாடலில் வருவது யானை. பிடியோடு வரும் களிறு.

இதைப் படிக்கும்தோறும் அடியேனின் மனம் அங்கேயே நின்றுவிடும். முன்பு பல்லவ மன்னன் அப்பரை இடறிக் கொல்ல ஏவியதும் யானையைத்தானே! அன்று அந்த வேழம் அவரை வலம் வந்து வணங்கி, ஏவியவர்கள்மேல் பாய்ந்தது. கொலைக்கு வந்த அதே இனம், ஐயாற்றில் அம்மையப்பராக முதலில் வந்து நிற்கிறது. சேக்கிழார் இவ்விரண்டையும் இணைத்துச் சொல்லவில்லை. படிப்பவர் மனத்தில் தாமே இணைகின்றன.

ஆடி அமாவாசையன்று சதுரகிரியில் பல்லாயிரவர் ஏறுகின்றனர். அதே நாளில் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுகிறது. முழங்கால் வலியால் மலையேற இயலாத பெரியோர்க்குத் தஞ்சையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் பேருந்துப் பயணமே போதும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்தால் ஐயாறப்பர் சந்நிதி. கோயிலினுள் தென்கயிலைச் சந்நிதியும் உண்டு. காட்சியின்போது ஓதுவார்கள் இப்பதிகத்தையே பாடுவர். செல்லும் வழியில், ஆறுகளுக்கு இடைப்பட்ட வயல்களைச் சற்றே பாருங்கள். பதிகத்தில் வரும் நாரைகள் அங்கே இரைதேடி நிற்கும்.