அலுமாரியில் பூட்டப்பட்ட ரோபோ

உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா சகோதரிகளே? அதனுடன் வந்த புத்தகத்தை வாசித்தா தைக்கப் பழகினீர்கள்? உம்மாவோ மாமியோ பக்கத்தில் இருக்க, நூல் அறுந்து, ஊசி முறிந்து, பழைய சாரத் துண்டில் கோணல்மாணலாக ஓட்டித்தானே உங்கள் கை படிந்தது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண்கள் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். அதிபரின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. கிண்ணங்கள், கேடயங்களுக்கு நடுவே ரோபோ செய்யும் உபகரணப் பெட்டிகள் நான்கு. உறை கூடக் கிழிக்கப்படவில்லை. விசாரித்தேன். "பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது மௌலவி?" என்றார்கள். பக்கத்து வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் ரோபோவின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆசிரியையைக் குறை கூறுவது அநியாயம். விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர். ஆனால் ஒரு திருகாணி முடுக்கியைக் கையில் கொடுத்து, "கழற்றிப் பாருங்கள்" என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எமது நாட்டில் 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பவியல் துறை ஆரம்பிக்கப்பட்டது. பொறியியற் தொழினுட்பவியல் என்ற பாடமும் அதனுடன் வந்தது. 2015இல் முதலாவது தொகுதி மாணவர்கள் பரீட்சைக்குத் தோற்றினர். பாடத்திட்டம் வந்தது, கட்டடமும் பல இடங்களில் வந்தது. கற்பிக்கும் கைகள் தாமாக வந்துவிடுவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு அல்ஜஸரியின் ஞாபகம் வருகிறது. இன்றைய துருக்கியின் தியார்பகிர் நகரில், அர்துக்கிய மன்னர்களிடம் ஏறக்குறைய 25 ஆண்டுகள் பணியாற்றிய பொறியியலாளர் அவர். 1206ஆம் ஆண்டளவில் 50 பொறிகளை விளக்கி ஒரு நூல் எழுதினார். யானை வடிவில் ஒரு கடிகாரம், நீர் இறைக்கும் இயந்திரங்கள் எல்லாம் அதில் உண்டு. வுழூச் செய்யும்போது பணியாள் நின்று தண்ணீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லையாம். அதற்காகவே தானாக நீர் வார்க்கும் ஒரு பொறியை அமைத்துக் கொடுத்தார். அரபு மத்ரஸாவில் ஓதிய எனக்கு, பொறிகளைவிட நூலின் பெயர்தான் பெரிதாகப் பட்டது. "அல்ஜாமிஉ பைனல் இல்மி வல்அமலின் நாஃபிஇ ஃபீ ஸினாஅதில் ஹியல்." பொறிகள் செய்யும் கலையில் அறிவையும் பயனுள்ள செயலையும் ஒன்று சேர்ப்பது என்பது அதன் கருத்து. செய்து பார்க்காத தொழில் அறிவை அவர் நம்பவில்லை. முன்னோர்கள் எழுதியவற்றையும் தாமே செய்து பார்த்த பின்னர்தான் ஏற்றார். இல்மும் அமலும் சேர வேண்டும் என்று மிம்பரில் நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்!

ஆசிரியர்களுக்கு இத்தகைய பயிற்சியை ஒரு நாடே முன்னின்று கொடுத்த வரலாறும் உண்டு. மத்திய அமெரிக்காவில் கொஸ்டாரிக்கா என்றொரு சிறிய நாடு. 1948இல் இராணுவத்தையே வேண்டாம் என்று கலைத்த நாடு. அங்கே 1987இல் ஒமார் டெங்கோ நிறுவகம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் ஆரம்பப் பாடசாலைகளில் கணினிக் கல்வி தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் சீமோர் பேபர்ட் பயிற்சிக்கு உதவினார். பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இயந்திரம் என்பது தமக்கு உரியதல்ல என்ற பயத்தோடு வந்தவர்கள். அவர்களுக்கு ஆயத்தமாகச் செய்து வைத்த இலகுவான மென்பொருளைக் கொடுத்து, "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. லோகோ என்ற கணினி மொழியைக் கொடுத்து, நீங்களே ஒன்றைச் செய்யுங்கள் என்றார்கள். ஆசிரியைகள் முதலில் மாணவியர் ஆனார்கள். ரோபோ செய்யும் வகுப்புகளையும் அந்த நிறுவகம் பின்னர் சேர்த்துக்கொண்டது.

அத்தகைய பயிற்சியில் என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை ஐந்து நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போய் வந்தார். கோட்டைப் பின்பற்றி ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்வதுதான் வேலை. வெள்ளைத் தாளில் கறுப்பு டேப்பினால் ஒரு பாதை. வண்டியின் முன்புறம் கீழே பார்த்தபடி, கோட்டின் இரு பக்கமும் இரண்டு உணரிகள். அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வண்டி வலப்பக்கம் விலகினால் இடது உணரி கறுப்பின் மேல் வரும். உடனே இடது சில்லு நிற்கும், வலது சில்லு சுழலும், வண்டி இடப்பக்கம் திரும்பிப் பாதைக்கு வந்துவிடும். இதற்கு மூளையாக இருப்பது உள்ளங்கையளவான ஒரு சுற்றுப்பலகை. ஆர்டுயினோ என்பார்கள். 2005இல் இத்தாலியில் இலத்திரனியல் படிக்காத மாணவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது அது.

சொல்லும்போது இலகு. முதல் நாள் அவரது வண்டி பின்னோக்கி ஓடியது. மோட்டரின் இரண்டு வயர்களும் மாறிப் போயிருந்தன. இரண்டாம் நாள் நின்ற இடத்திலேயே சுற்றியது. "பிள்ளையை மாமியிடம் விட்டுட்டு வந்து இதையா சுத்த விட்டுட்டு இருக்கேன் என்று அழுகை வந்திட்டுது மௌலவி" என்றார். மூன்றாம் நாள் காலையில் அழகாக ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் கைதட்டினார்களாம். லுஹருக்குப் பின் அதே வண்டி, அதே பாதை, ஓட மறுத்தது. வயரைப் பார்த்தார், பெட்டரியை மாற்றினார், செய்நிரலை மறுபடி எழுதினார். ஒன்றும் சரிவரவில்லை. வளவாளர் பதில் சொல்லவில்லை. "காலையில் இல்லாதது இப்போது என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் சென்றுதான் அவருக்குப் பிடிபட்டது. மேற்குப் பக்க ஜன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டல்லவா? உணரி குழம்பிவிட்டது. திரையை இழுத்து மூடினார். வண்டி ஓடியது.

இதை எந்த விரிவுரையில் கற்றுக்கொடுப்பது? பயிற்சி என்றால் மண்டபத்தில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, தேநீர் கொடுத்துச் சான்றிதழோடு அனுப்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் அலுமாரியின் பூட்டுத் திறக்காது. இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன்: போட்டிக்காக முக்கால்வாசி செய்து முடித்த ரோபோவைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பதக்கம் கிடைக்கலாம். பிள்ளை கற்றது என்ன?

எமது வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும். இத்தகைய செயலமர்வுகள் பெரும்பாலும் தூரத்து நகரில், பல நாட்கள் நடக்கும். கடிதம் வந்ததும் ஆண் ஆசிரியர் பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். ஆசிரியையோ கணவரின் முகத்தையும் மாமியின் முகத்தையும் பார்க்கிறார். கடைசியில் "உடல்நலமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். நட்டம் அவருக்கு மட்டுமல்ல. அவரிடம் படிக்கும் உங்கள் மகளுக்கும்தான். தூரப் பயணத்தைப் பற்றி மார்க்கம் சொல்வதை நான் மறைக்கவில்லை. கணவரோ சகோதரரோ கூடச் செல்லட்டும். வலயத்துக்குள்ளேயே, விடுமுறை நாட்களில் நடத்துமாறு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் என்ன? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்களுக்கும் வாய் இருக்கிறதே. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தை ஸதகாச் செய்தவர்கள். கைத்தொழில் முஃமினான பெண்ணுக்குப் புதிதல்ல.

அந்த ஆசிரியையை அண்மையில் சந்தித்தேன். அவருடைய பாடசாலையில் பெட்டிகள் திறந்துவிட்டன. இரண்டு சில்லுகள் உடைந்தும் விட்டனவாம். ஒரு மாணவியின் வண்டி ஓடாமல் நின்றபோது, பிள்ளை அழுவதற்குத் தயாராக இவரைப் பார்த்திருக்கிறாள். இவர் வண்டியைத் தொடவில்லை. "மகள், ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.